புகை கேட்ட மச்சு

முப்பதைத் தாண்டியதும் ஓய்வு பெறுகிற ஆள் என்று நீங்கள் நாலு பேரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள். பழைய வீடுகளைப் பழுது பார்க்கிற இந்தப் பட்டறையை விட்டு அடுத்த வாரம் பெங்களூர் போகிறேன். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உயரமான கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. அந்தக் கட்டடங்களில் யார் குடிவருவார்கள், என்ன சமைப்பார்கள், எந்த ஜன்னலோரம் கட்டில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. சம்பளம் கூடுதல் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்தத் தெரியாமைக்காகத்தான் போகிறேன்.

போகிறதுக்கு முன்னால் தொழில் ரகசியம் ஏதாவது சொல்லச் சொல்கிறீர்கள். உளுத்த பலகையைத் தட்டினால் என்ன சத்தம் வரும், உத்தரத்தின் எந்த முனையில் கத்தியைக் குத்திப் பார்க்க வேண்டும், இதெல்லாம் தங்கப்பன் மேஸ்திரியிடம் கேளுங்கள். திட்டிக்கொண்டே சொல்லித்தருவார், ஆனால் சொல்லித்தருவார். நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய வீட்டு மரத்தளம் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று நீங்கள் சேர்ந்த அன்றைக்கு நானே பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அதை மறந்துவிடுங்கள்.

பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற வழியில் ரோட்டை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால் அந்த வீடு. கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை. அடுக்களைக்கு மேலே மட்டும் ஒரு மச்சு, அதாவது அயினிப் பலகை பாவிய மரத்தளம். அதன் உத்தரங்கள்தான் இரண்டு பக்கச் சுவர்களையும் பிடித்து நிறுத்தியிருந்தன. மச்சு போனால் வீடும் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் நடுவில், அடுப்புக்கு நேர் மேலே, மரக்கம்பி அடித்த ஒரு திறப்பு. ஒரு காலத்தில் அவர்கள் ரப்பர் பாலைத் தாங்களே உறைய வைத்து ஷீட் அடித்து, மச்சில் மூங்கிலில் தொங்கப் போடுவார்கள். கீழே சோறு வேகும்போது புகை அந்தத் திறப்பு வழியாக ஏறி ஷீட்டைக் காயவைக்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் அது சாதாரணம்.

என்னை அழைத்தது அந்த வீட்டுப் பகவதி அக்கா. அறுபதைத் தாண்டியவர். போனில் நான் "மாமி" என்றேன்.

"மாமியும் சித்தியும் வேண்டாம். அக்கான்னு விளி. எனக்க வயசு எனக்க முட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாண்டாம்."

நேரில் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "எஞ்சினியருன்னா மீசை வச்ச ஆளு வரும்னுல்லா நெனச்சேன்."

"மீசை மேஸ்திரிக்கு இருக்கு அக்கா. எங்கிட்ட டேப்தான் உண்டு."

"கொள்ளாம், வாய் இருக்கு. ஏணி ஏறுவியா?"

அடுக்களையில் எல்லாப் பாத்திரத்தின் மேலும் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. தட்டுகளின் மேல் மஞ்சள் மாவு. மரத்துக்குள் இருக்கிற வண்டு தின்று துப்புகிற பொடி, உளு. நாங்கள் நிற்கும்போதே உத்தரத்திலிருந்து ஒரு சிட்டிகை இறங்கி என் தோளில் விழுந்தது.

"புளிக்கறியில உளு, சோத்தில உளு. அவரு கேட்டா சீரகப்பொடின்னு சொல்லுவேன்."

முன் பக்கத்திலிருந்து அவருடைய கணவர் தாணு மாமாவின் குரல் வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "சீரகம் பல்லுல நறநறங்காது பகவதி. நான் சொல்லாம தின்னுதேன், அவ்வளவுதான்."

ஏணியில் ஏறி மூலைப் பக்கம் நாலு அடி வைத்தேன். பலகை பப்படம் மாதிரி உடைந்து என் வலது கால் முட்டுவரைக்கும் கீழே போய்விட்டது. அடுக்களையிலிருந்து அக்கா சொன்னார்: "காலு கண்டேன். நல்ல காலாக்கும். மிச்சம் ஆளும் இது வழியா வருமா, இல்ல ஏணி வழியா வருமா?"

எனக்கு அந்த வீடு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போன வீட்டில் நமக்கு அறிவு வேகமாக ஓடும், நிதானம் பின்னால் நடந்து வரும்.

அன்றைக்கே அவர்களுடைய மகன் சுரேஷ் ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினான். "மேடம், அம்மாகிட்ட நான் எத்தனையோ மட்டம் சொல்லியாச்சு. திருவனந்தபுரத்தில எனக்க பிளாட் சும்மா கெடக்கு. இந்த வீட்டை இடிச்சிட்டு வேற கெட்டலாம். கேக்க மாட்டாவ."

"எடேய், உனக்க பிளாட்டில நான் கெடந்தாச்சு" என்றார் அக்கா போனைப் பிடுங்கி. "ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறவு அங்கதானே கொண்டு போட்ட? கதவத் தெறந்தா எதுத்தாப்புல ஒரு கதவு. அது தெறக்காது. அங்க நான் பேசினது முழுக்க லிப்ட்டுக் கூட. அது இங்கிலீஷில மாடி நம்பர் சொல்லும், நான் செரிம்பேன். இங்க நான் ஒண்ணு தும்மினா நாலு வீட்டுக்காரி என்னத்துக்குன்னு கேப்பா."

கடைசியில் இருவரும் ஒரு கணக்குக்கு வந்தார்கள். நான் மச்சைச் சரி செய்வது. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முழுக்கப் பெய்து தீரட்டும். அதன் பிறகும் உளு கொட்டினால் சுரேஷ் லீவில் வரும்போது ஜேசிபி வரும், அக்கா வாய் திறக்காமல் பிளாட்டுக்குப் போக வேண்டும். கொட்டாவிட்டால் அவன் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். "சம்மதம்" என்றார் அக்கா. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மக்கா? இனி என்னைய இங்க வைக்கதும் அங்க அனுப்பதும் உனக்க கையிலாக்கும்."

எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். டேப்பை விரித்துக்கொண்டிருந்தேன்.

மறுமுறை தங்கப்பன் மேஸ்திரியைக் கூட்டிப்போனேன். அவர் காஞ்சிரங்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், வழி முழுக்க ரோட்டைத் திட்டி முடித்துவிட்டு மிச்சத்தை என்மேல் ஆரம்பிப்பார். இரண்டு பேரும் டார்ச்சோடு மச்சில் தவழ்ந்தோம். நடுத் திறப்பைச் சுற்றி இருந்த பலகைகள் தார் பூசின மாதிரி கறுப்பு. கத்தியால் சுரண்டினேன். கரிக்கு அடியில் மரம் நேற்று அறுத்தது போல மஞ்சளாக, இறுக்கமாக இருந்தது. ஒரு துளை இல்லை. திறப்பிலிருந்து விலக விலகக் கரி மெலிந்தது, துளைகள் கூடின. மூலையில் வெறும் மாவு. யாரோ வட்டம் போட்டு வைத்த மாதிரி, புகை பட்ட இடம்வரை நல்ல மரம், அதற்கு அப்பால் உளு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கிற காலத்தில் ஒரு கணக்கு விடை சரியாக வந்தால் பெஞ்சைத் தட்டுவேன், அந்தப் பழக்கம். திறப்புக்கு மேலே குனிந்து கத்தினேன். "அக்கா! கண்டுபிடிச்சாச்சு! புகை! இந்த மச்சைப் புகைதான் காப்பாத்திச்சு! நீங்க கேஸ் அடுப்புக்கு மாறினதும் மரத்துக்குக் காவல் போச்சு!"

மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். "அதாக்கும் சங்கதி! பண்டு ஏதெங்கிலும் அடுக்களையில உளு உண்டா? கேஸ் வந்து, பின்னாலயே அவனும் வந்து!"

கீழே, திறப்புக்கு நேர் அடியில், அக்காவின் முகம் எங்களைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. "அப்போ விறகடுப்பு மூட்டினா உளு போயிருமா மக்கா?"

"போயிரும் அக்கா! பிறகு நூறு வருஷம் நிக்கும்!"

சொன்னது அவ்வளவுதான். நான் அந்த வீட்டில் செய்த வேலையிலேயே மிகச் சரியான வேலை அது. ஒரு எழுத்து தப்பில்லை.

ஏணியிலிருந்து இறங்கி முன் பக்கம் போனேன், தாணு மாமாவிடமும் சொல்ல. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சத்தம் இங்க கேட்டுது. அவளுக்கு இழுப்பு உண்டு, பிள்ளே. கல்யாணம் கழிஞ்சு வந்த நாள்லேருந்து அந்த அடுப்புக்க முன்னால நின்னவ. போன தடவை ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு, இனி ஒரு மட்டம் புகை உள்ள போனா தாங்காதுன்னு. அதுக்குத்தான் அடுப்பை அணைச்சோம். ஷீட் அடிக்கதையும் விட்டோம். பாலை அப்படியே வண்டிக்காரனுக்கு ஊத்திக் குடுக்கோம்."

நான் அடுக்களைக்கு ஓடினேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அக்கா, அது சும்மா சொன்னது. இப்ப நல்ல மருந்து இருக்கு. புகையெல்லாம் வேண்டாம்."

"நான் சின்னப் பிள்ளையா? மருந்து அடி. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

உங்களுக்கு நான் விட்டுப்போகிற ஒரே விதி இதுதான், வேறு எதுவும் என்னிடம் இல்லை. பலகையைத் தொடுவதற்கு முன்னால், அதற்குக் கீழே மூச்சு விடுகிறவர் யார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு கண்டுபிடியுங்கள். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

மருந்து அடித்தோம். மண்ணெண்ணெய் கலந்ததை ஒரு முழம் இடத்தில் தடவிப் பார்த்தோம். அக்கா பக்கத்து வீட்டில்தான் இருந்தார், இருந்தும் சாயங்காலம் திரும்பி வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிறுத்தினோம். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் மரத்துக்கு நல்லது என்று மேஸ்திரி ஒரு கேன் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததுமே மூட வேண்டியதாயிற்று. மணமே இல்லாத மருந்து ஒன்று உண்டு, தண்ணீரில் கரைத்து அடிப்பது. புதிதாகப் போட்ட பலகைகள் அதைக் குடித்தன. பழைய உத்தரங்கள் குடிக்கவில்லை. அத்தனை வருஷத்துக் கரி அவற்றின் மேல் மழைச்சட்டை மாதிரி இருந்தது. கரியைச் சுரண்டி எடுக்கலாம். எடுத்தால் இருக்கிற காவலும் போகும். ஓட்டு ஒழுக்கில் மருந்து கரைந்தும் போகும். நானும் மேஸ்திரியும் ஒரு முழு மத்தியானம் இதைப் பற்றிச் சண்டை போட்டோம். இரண்டு பேருமே தோற்றோம்.

உளுத்த பலகைகளை மாற்றினோம். இற்றுப்போன உத்தர முனைகளுக்குப் பக்கத்தில் புதுக் கட்டை வைத்துத் துணை கொடுத்தோம். நான் மச்சு முழுக்கக் குதித்துக் காட்டினேன், ஒரு முனகல் இல்லை. ஆனால் உத்தரத்துக்குள் வண்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மழை வரும், மரம் ஈரம் குடிக்கும், அது தின்ன ஆரம்பிக்கும். நான் அக்காவிடம் அதை அப்படியே சொல்லவில்லை. "பாப்போம்" என்றேன்.

மழை வந்தது. நன்றாகவே பெய்தது. நான் முதல் தடவை போனபோது பாத்திரங்களின் மேல் கவிழ்த்த தட்டுகள் இல்லை. தரை துடைத்த மாதிரி சுத்தம். உத்தரத்துக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்துவிட்டு, சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரு துளி இல்லை.

"மருந்து பிடிச்சிட்டு அக்கா!"

"பிடிக்காம? நீ கெட்டின மச்சில்லா."

நான் போட்டோ எடுத்து சுரேஷுக்கு அனுப்பினேன். அவன் கைகூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினான். அடுக்களையில் லேசாகப் புகை மணம் இருந்தது. கேட்டேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்லா, கொஞ்சம் பாயசம் விறகடுப்பில வச்சேன். அந்த ருசி கேஸில வருமா?" என்றார். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். நல்ல பாயசம். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை நான் சொல்லாமல் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாணு மாமா பாறசாலையில் பென்ஷன் விஷயமாக ஏதோ ஆபீசுக்குப் போயிருந்தார். அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே புகையில் ஒன்றும் தெரியவில்லை. தரையோடு குனிந்தபோதுதான் அக்காவைப் பார்த்தேன். பின் கதவுப் படியில், கதவிடுக்கில் மூக்கை வைத்து, ஈரத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் இன்ஹேலர்.

அடுப்பைப் பார்த்தேன். ஓரத்தில் காய்ந்த ரப்பர் விறகு அடுக்கு அப்படியே இருந்தது. அதைத் தொடவே இல்லை. அடுப்பில் இருந்தது நனைந்த தேங்காய்த் தொண்டு, உரித்துப் போட்ட மட்டை. புகை கூடுதலாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வைத்தது.

நான் கதவுகளைத் திறந்து, வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றி, அவரை வெளியே இழுத்து வந்தேன். மாட்டுத்தொழுத்தின் தாழ்வாரத்தில் உட்கார வைத்தேன். பேச்சு வர வெகுநேரமாயிற்று. வந்ததும் முதலில் திட்டினார்.

"சவமே, அடுப்பில வெள்ளம் ஊத்தப்பிடாதுன்னு உனக்கு ஆரும் சொல்லித் தரல்லியா?"

"என்ன அக்கா இது? செத்துப்போவீங்க."

"நீதானே சொன்ன, புகை இருந்தா நூறு வருஷம் நிக்கும்னு."

"மச்சு நிக்கும். நீங்க?"

"எனக்கு நூறு வருஷம் வேண்டாம். இங்க எத்தனை உண்டோ அது மதி, போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அங்க போனா நெஞ்சு நல்லா இருக்கும். அத வச்சு நான் என்ன செய்ய, லிப்ட்டுக்கு ஊதிக் காட்டவா?"

தாணு மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அக்காவின் சேலையில் மணத்தைக் கண்டுபிடித்து மாமா ஒருநாள் கேட்டாராம். மேலத்தோட்டத்து ஷீட் காயவைக்கிற புகைப்புரையிலிருந்து காற்று வருகிறது என்று அக்கா சொன்னாராம். அந்த ஊரில் எல்லார் துணியிலும் அந்த மணம் உண்டு. மாமா நம்பிவிட்டார். நானும்தான் பாயசத்தை நம்பினேன்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, மழை தீர இன்னும் கொஞ்சம் நாள்தான் கெடக்கு. சுரேஷுக்கு விளிச்சுச் சொல்லப்பிடாது. சொன்னா இன்னிக்கே ஆளு அனுப்பி என்னையத் தூக்கிட்டுப் போவான்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நான் அவசரப்பட்டேன். சொல்லுவதா, வேண்டாமா என்று இரண்டு வழிதான் இருந்தது. நான் எஞ்சினியர் அல்லவா, மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வெளியே, மாட்டுத்தொழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பு. அதிலிருந்து ஒரு இரும்புக் குழாய் சுவரேறி நேராக மச்சுக்குள். அடுக்களைத் திறப்பைப் பலகையால் அடைத்துவிடுவது. மச்சுக்குப் புகை, அக்காவுக்குக் காற்று. அந்தத் தாழ்வாரத்திலேயே ஒரு சிமெண்டுப் பையின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "கொள்ளாமே, நீ படிச்சவதான்" என்றார்.

"குழாய் வாறவரைக்கும் தீ போடமாட்டேன்னு சொல்லுங்க."

"போடமாட்டேன்."

"சத்தியமா?"

"எனக்க வாயில சத்தியம் எல்லாம் வராது. போடமாட்டேன்னா போடமாட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பாலராமபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் குழாய்க்குச் சொன்னேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக் கேட் வேலை இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்றார்கள். நான் தினமும் போன் செய்தேன். பட்டறைக்காரன் என்னிடம், "என்ன மேடம், குழாயைப் பிரசவத்துக்கா கேக்கீங்க?" என்றான். சிரித்தேன். அக்காவுக்கும் தினமும் போன் செய்தேன். "தீ போடல்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டு வந்தது. மழைக்குளிர் என்றார். நான் குளிர் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது.

குழாயை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போன அன்று வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னாள், விடியற்காலையில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று.

போனேன். தாணு மாமா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, இடம் கொடுக்கிற மாதிரி ஒதுங்கி உட்கார்ந்தார். "எடி, நீ அந்தப் புகைப்புரைக்காரன்கிட்டப் போய்ச் சண்டை போடணும், கேட்டியா" என்றார். "அவனுக்க புகையாக்கும் இவளைக் கெடுத்தது." நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்து அந்தப் புகைப்புரைக்காரனைத் திட்டினார். எனக்குத் தெரியாத ஒரு மனுஷன். எந்தத் தப்பும் செய்யாதவன்.

சுரேஷ் மறுநாள் வந்து, வீட்டில் அடுப்புச் சாம்பலைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவன் குமாஸ்தாவின் மகன், நேராகக் கேட்டான். "மேடம், அம்மா தீ மூட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மச்சுக்காக நான் சொன்னேன்னா நெனச்சீங்க? அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில வைக்க ஒரு சாக்கு வேணும்னு சொன்னது. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா, மச்சும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், அம்மா அந்த வீட்டிலயே இருக்கட்டும்னு சொல்லியிருப்பேனே."

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்த நான் அந்த ஒரு போனைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர்.

அக்கா பிழைத்தார், அதைப் பிழைப்பு என்று சொன்னால். இப்போது திருவனந்தபுரத்துப் பிளாட்டில் இருக்கிறார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அந்தக் குழாய் எட்டுகிற தூரம்தான் அவருக்கு வீடு. லிப்ட் வரைக்கும்கூட எட்டாது. தாணு மாமாவும் அங்கேதான். ஜேசிபி வரவில்லை. இனி யார் கட்டப் போகிறார்கள் அங்கே என்று சுரேஷ் விட்டுவிட்டான். சாவியை என்னிடம் கொடுத்து, இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்தான்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தப் பட்டறை நம்பருக்குப் போன் செய்வார். நீங்களும் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள், மூச்சிரைக்கப் பேசுகிற வாடிக்கையாளர் யார் என்று ஒருத்தர் கேட்டீர்கள். இவர்தான். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. எப்போதும் ஒரே கேள்வி.

"மக்கா... பொடி விழுதா?"

முதல் தடவை அவர் கேட்பதற்கு முன்தினம்தான் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடுக்களைத் தரை முழுக்க மஞ்சள். என் செருப்புத் தடம் அதில் பதிந்தது. உத்தரங்களில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன், நகம் உள்ளே போனது. இன்னொரு மழையைத் தாங்காது.

"இல்ல அக்கா. ஒரு துளி விழல்ல."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "அப்போ... ஆரோ தீ போடுதாவ."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆரு? நீயா?"

"ஆமா அக்கா. நான்தான்."

"நனஞ்ச தொண்டு... வை. உணங்கினது ஆகாது." ஒரு நீளமான மூச்சு. "பக்கத்தில நிக்கப்பிடாது, கேட்டியா? தீய... மூட்டிட்டு வெளிய போயிரு. உனக்குச் சின்ன வயசாக்கும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் தீ போட்டதாகச் சொல்கிறேன், அவர் எனக்குப் பத்திரம் சொல்கிறார். அவருக்கு அது ஒரு சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் கேட்டார், "நீ இருமுத சத்தம்... கேக்குதே, நெஞ்ச... டாக்டரைக் காட்டினியா?" எனக்குச் சாதாரண ஜலதோஷம். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் தனக்காகப் புகை குடித்துக் கெட்டுப்போகிறேன் என்று, தன் மூச்சிலிருந்து எடுத்து எனக்காக அழுதார்.

நான் போன பிறகும் இந்த நம்பருக்குத்தான் போன் வரும். மேஸ்திரி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உங்களில் ஒருவர்தான் எடுக்க வேண்டும். பொடி விழுகிறது என்று சொன்னால் அவருக்கு வீடு போய்விடும். விழவில்லை என்று சொன்னால், தீ போடுகிறது யார் என்று கேட்பார். எதைச் சொல்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.